முதலில் டயர், அடுத்தது ரிம், கடைசியில்தான் லிஃப்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிக்கப் டிரக்குகளுக்குப் பெரிய டயர் மாட்டுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டவணை இருந்தது. 2 அங்குல லிஃப்ட்டுக்கு (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவதுதான் லிஃப்ட்) 33 அங்குல டயர், 4 அங்குலத்துக்கு 35, 6 அங்குலத்துக்கு 37. பார்க்க வசதியாகத்தான் இருக்கிறது. அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் அதை மட்டும் நம்பிக் காசைக் கொட்டினால், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து முதல் பள்ளத்தில் இறங்கும்போதே டயர் ‘நறநற’வென்று உரச ஆரம்பித்துவிடும். அட்டவணை பொய் என்று சொல்லவில்லை. கேள்வியைத்தான் அது தலைகீழாகக் கேட்கிறது.

லிஃப்ட் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதிலிருந்து தொடங்கவேண்டும். வண்டி நிற்கும்போது சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அது கூட்டுகிறது, அவ்வளவுதான். வண்டி குழியில் விழுந்து ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது சக்கரம் எங்கே போய் நிற்கும்? பம்ப் ரப்பர், அதாவது சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை, எங்கே நிறுத்துகிறதோ அங்கே. லிஃப்ட் போடுவதற்கு முன்னும் அதே இடம், பின்னும் அதே இடம். 4 அங்குலம் தூக்கியிருந்தால், அந்த இடத்துக்குப் போய்ச்சேரச் சக்கரம் 4 அங்குலம் கூடுதலாக ஏறவேண்டும், அதுதான் வித்தியாசம். மெதுவாக ஓட்டும்வரை உரசாது. வேகமாக ஒரு மேட்டைத் தாண்டி இறங்கினால் உரசும். சில வண்டிகளில் பம்ப் ரப்பர் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) கம்பியிலேயே கோத்திருக்கும். அங்கே ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் ஸ்பேசர் (உயரம் கூட்டும் வட்டு) வைத்தால் ரப்பரும் சேர்ந்து கீழே இறங்கும், அது ஓரளவு காப்பாற்றும். ரப்பர் தனியாக சேசிஸில் இருக்கும் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

பெரிய டயர் சஸ்பென்ஷனின் பயணத்தைத் தின்னும் என்பதற்குத் தொழிற்சாலையிலிருந்தே சாட்சி உண்டு. ஃபோர்டு எஃப்-150 ராப்டர் பிக்கப் 2021 மாடலிலிருந்து 35 அங்குலம், 37 அங்குலம் என இரண்டு டயர்களோடும் கிடைக்கிறது. 37 அங்குல டயர் போட்ட வண்டியில் சஸ்பென்ஷன் பயணம் சுமார் 1 அங்குலம் குறைவு. டயர் வளர்ந்த அளவுக்குச் சக்கரம் மேலே ஏறும் தூரத்தை அவர்களே குறைத்துவிட்டார்கள். அதே நிறுவனத்தின் பிராங்கோவில் சாஸ்க்வாட்ச் என்ற தொகுப்பை வாங்கினால் 35 அங்குல டயர் வரும். கூடவே அகன்ற மட்கார்டு விளிம்பும், அதற்கென்றே அமைத்த சஸ்பென்ஷனும், 4.7 என்ற கிரவுன்-பினியன் விகிதமும் (டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கியர் விகிதம்) வருகின்றன. வெறும் லிஃப்ட்டை வைத்து அவர்கள் சமாளிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

ஆகவே வரிசை இதுதான்: எந்த டயர், அதற்கு எந்த ரிம், சக்கரக் குழிக்குள் எங்கே இடிக்கிறது, அதில் எதை வெட்டலாம், எதை பம்ப் ரப்பரால் தடுக்கலாம். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் லிஃப்ட் எத்தனை அங்குலம் என்ற கேள்வியே வருகிறது.

டயரின் நிஜ அளவை மில்லிமீட்டரில் போட்டுப் பார்க்கவேண்டும். 265/65ஆர்17 என்றால் அகலம் 265 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 172 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 344.5. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. கூட்டினால் மொத்த விட்டம் 776 மி.மீ., 30.6 அங்குலம். அதே ரிம்முக்கு 285/70ஆர்17 போட்டால் 831 மி.மீ., 32.7 அங்குலம். கடையில் இதைத்தான் ‘33’ என்பார்கள். விட்டத்தில் வித்தியாசம் 55 மி.மீ., ஆரத்தில் 27. முன்னால், பின்னால், மேலே, கீழே எல்லாப் பக்கமும் டயர் 27 மி.மீ. வளர்ந்திருக்கிறது. டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் நடுவே கிடைக்கும் கூடுதல் இடமும் அதே 27 மி.மீ. தான். இடது, வலது சக்கரங்களை ஒரே திடமான அச்சு இணைக்கும் ஒற்றை அச்சு வண்டியில் எத்தனை அங்குல லிஃப்ட் போட்டாலும் டிஃப் ஒரு நூல்கூட உயராது. இதைச் சொன்னால் நம்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெயரளவில் ஒன்றாக இருந்தாலும் எல்லா 285/70ஆர்17 டயரும் ஒன்றல்ல. சேற்றுக்கான மட் டெரெய்ன் டயரில் தோள்பட்டைக் கட்டிகள் பக்கவாட்டில் துருத்தி நிற்கும். உரசுவது பெரும்பாலும் அந்தக் கட்டிகள்தான். அளவு எழுதியிருப்பதைப் பார்த்து வாங்காமல், தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் மொத்த விட்டமும் மொத்த அகலமும் எவ்வளவு என்று பார்த்து வாங்கவேண்டும்.

அடுத்தது ரிம். பெரும்பாலான உரசல்களுக்குக் காரணம் லிஃப்ட் பற்றாக்குறை அல்ல, தப்பான ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். தொழிற்சாலை ரிம் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் +30 என்று வைத்துக்கொள்வோம். ‘வெளியே தள்ளி நின்றால் கம்பீரமாக இருக்கும்’ என்று 9 அங்குல அகலமும் ஆஃப்செட் 0-உம் உள்ள ரிம்மைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கு: ஆஃப்செட் குறைந்ததால் 30 மி.மீ. வெளியே, அகலம் கூடியதால் ஒரு பக்கத்துக்கு 19 மி.மீ. வெளியே, ஆக ரிம்மின் வெளி விளிம்பு 49 மி.மீ. வெளியே போகிறது. உட்புறம் 11 மி.மீ. விலகுகிறது. மேல் கன்ட்ரோல் ஆர்மிலிருந்து (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் மேல் கை) விலகியதில் சந்தோஷம்தான். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் இருந்த இடத்திலேயே சுழல்வதில்லை. பால் ஜாயின்ட் அச்சைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. டயர் வெளியே தள்ளத் தள்ள அந்த வட்டம் பெரிதாகும். முன்னால் பம்பர் மூலையையும், பின்னால் கேபின் அடிப்பகுதியையும் அது தேடிப்போய் இடிக்கும். அதே 285 டயரை 8 அங்குல அகலம், +15 முதல் +25 ஆஃப்செட் ரிம்மில் போட்டால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும், சில வண்டிகளில் வெட்டவேண்டிய வேலையே இருக்காது. ரிம்மைத் தப்பாக வாங்கிவிட்டு அதைச் சரிக்கட்ட 2 அங்குல லிஃப்ட்டை 4 ஆக்குவது, செருப்பு கடிக்கிறது என்று காலைச் செதுக்குகிற கதை.

எங்கே இடிக்கும் என்பதற்குப் பெரும்பாலான முன்சக்கரங்களில் ஒரே பதில்தான். சக்கரக் குழியின் பின்சுவரில், பிளாஸ்டிக் லைனருக்கு உள்ளே, இரண்டு தகடுகளை ஒட்டி மடித்த ஒரு தையல் விளிம்பு செங்குத்தாக ஓடும். ஒரு விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டு, தீட்டாத கத்திபோல நிற்கும். முழு ஒடிப்பில் டயரின் தோள்பட்டை முதலில் லைனரைத் தேய்க்கும். லைனரில் பளபளவென்று பிறைபோல ஒரு தடம் விழும். கொஞ்ச நாளில் அங்கே பிளாஸ்டிக் கிழிந்து, தகட்டு விளிம்பு நேராக டயரில் படும். டயர் கட்டிகளின் ஓரத்தில் சீவினாற்போல வெட்டு தெரிந்தால் விளிம்பு வேலையை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இந்த விளிம்பு டயருக்குப் பின்னால் இருக்கிறது, மேலே இல்லை. அதனால் லிஃப்ட் இதற்கு அரைகுறை மருந்துதான். விளிம்பைச் சுத்தியலால் படிய அடித்து, துரு பிடிக்காமல் ப்ரைமர் பூசி, சீம் சீலர் தடவி, லைனரை ஹீட் கன்னால் சூடாக்கிப் பின்னுக்கு அமுக்கித் திருகவேண்டும். அரை நாள் வேலை. 33-க்கு மேலே போனால் பல நடுத்தர பிக்கப்களில் அதற்கும் பின்னால் இருக்கும் கேபின் மவுன்ட்டின் மூலையை வெட்டி, தகடு வைத்துப் பற்றவைக்கவேண்டி வரும். கேபின் சேசிஸில் உட்காரும் இடம் அது. தேர்ந்த வெல்டர் செய்யவேண்டிய வேலை, கிரைண்டர் வைத்திருக்கும் யாரும் தொடலாம் என்பதல்ல.

இனி அளப்பது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, காற்றழுத்தம் சரிபார்த்து, நான்கு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளவேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் மாறியதும் கணக்கு குழம்பிவிடும். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் கொடுத்து, ஆன்டி ரோல் பாரின் லிங்க்கைக் கழற்றி, ஸ்ட்ரட்டை மொத்தமாக இறக்கிவிட வேண்டும். புது அளவு டயர் ஒன்றை, வாங்கப்போகும் அதே ரிம்மில் இரவல் கேட்டாவது மாட்டவேண்டும். கீழ் ஆர்முக்கு அடியில் டிராலி ஜாக்கியைக் கொடுத்து, பம்ப் ரப்பரைத் தொடும்வரை மெதுவாகத் தூக்கி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பிப் பார்க்கவேண்டும். ரப்பர் ஸ்ட்ரட்டிலேயே இருக்கும் வண்டியானால், ஸ்பிரிங் கழற்றிய ஸ்ட்ரட்டைத் திரும்ப மாட்டித்தான் இதைச் செய்யமுடியும். ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைத் தொடக்கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் ஆளை முடித்துவிடும்.

இடைவெளி எவ்வளவு என்று கண்ணால் தீர்மானிக்கவேண்டாம். சக்கரக் குழிக்குள் டார்ச்சோடு தலையை நுழைத்துப் பார்த்தாலும் 5 மி.மீ.-யும் 15 மி.மீ.-யும் ஒன்றுபோலத்தான் தெரியும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பின் விளிம்பு, குழியின் கூரை, பம்பர் மூலை, மேல் ஆர்ம் நான்கிலும் கட்டைவிரல் தடிமனுக்கு அப்பிவிட்டுத் திருப்பினால், டயர் தொட்ட இடத்தில் கட்டிகளின் அச்சு அப்படியே பதியும். அந்தப் பள்ளத்தில் மிச்சமிருக்கும் களிமண்ணின் தடிமனை ஒரு ஆணியால் குத்தி அளந்தால் அதுதான் நிஜ இடைவெளி. குறைந்தது 12 மி.மீ. வேண்டும். சேற்றிலும் கல்லிலும் போகிற வண்டியானால் 25. நிஜ அடியில் ரப்பர் இன்னும் நசுங்கும், புஷ்கள் கொஞ்சம் இளகிக்கொடுக்கும், டயரும் பிதுங்கும். ஜாக்கி தூக்கும்போது இதெல்லாம் நடக்காது.

லிஃப்ட் உயரம் இப்போதுதான் வெளியே வருகிறது. ஓர் உதாரணம். பழைய டயரில் முழு அமுக்கத்தில் கூரைக்கும் டயருக்கும் நடுவே 20 மி.மீ. இருந்தது. புது டயர் 27 மி.மீ. வளர்ந்தது. அப்படியானால் 7 மி.மீ. உள்ளே இடிக்கும். நமக்கு 12 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆக, சக்கரத்தை 19 மி.மீ. முன்னதாக நிறுத்தவேண்டும். பம்ப் ரப்பர் கீழ் ஆர்மின் பாதி நீளத்தில் இருந்தால் அதற்கு அடியில் 10 மி.மீ. ஸ்பேசர் போதும், ஏனென்றால் அங்கே 10 என்றால் சக்கரத்தில் 20. இதனால் மேல்நோக்கிய பயணத்தில் 19 மி.மீ. போய்விட்டது. போனதைத் திரும்பப் பெற வண்டியை 19 மி.மீ. தூக்கினால் போதும். முக்கால் அங்குலம்! 1 அங்குல லிஃப்ட் போட்டாலே இந்த வண்டிக்கு மிச்சம். 2 அங்குலம் தாராளம். 4 அங்குலம் டயருக்காக அல்ல, வேறு எதற்கோ. கரடுமுரடான பாதையில் வயிற்றுப்பகுதி தட்டாமல் இருக்கவோ, பார்வைக்காகவோ இருந்தால் சரி, ஆனால் அதை டயரின் கணக்கில் எழுதக்கூடாது.

எங்கள் கருத்தில் தேவைப்படுவதற்கு மேல் ஒரு விரல் உயரம்கூட ஏற்றக்கூடாது. தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் 2 முதல் 2.5 அங்குலத்துக்கு மேலே போனால் மற்றதெல்லாம் கோணலாகத் தொடங்கும். முன் டிரைவ் ஷாஃப்ட்டின் சி.வி. ஜாயின்ட் (வளைந்தாலும் சீராகச் சுழலும் மூட்டு) எப்போதும் வளைந்த கோணத்திலேயே சுழலும், ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் ரிம்மின் உள்பக்கம் சிதறும், பிறகு திரும்பும்போது ‘டக் டக்’ சத்தம். சக்கரம் தொங்கும்போது மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கும், பால் ஜாயின்ட் அதன் எல்லைக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளும். காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைவதால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் நெடுஞ்சாலையில் அலையும். கோணத்தைத் திருத்திய மேல் ஆர்ம் வாங்கிப் போட்டால் காஸ்டரும் பால் ஜாயின்ட்டும் சரியாகும், சி.வி. சரியாகாது. அதற்கு டிஃபரன்ஷியலையே கீழே இறக்கும் பிராக்கெட் வேண்டும். 4, 6 அங்குலக் கிட்களில் குறுக்குச் சட்டம், ஸ்டீயரிங் நக்கிள் எல்லாம் புதிதாக வருவது இதனால்தான். கீழ் ஆர்மின் பிடிமானத்தையே இறக்கிவிடுகிறார்கள். அந்தப் பொருள்கள் எதுவும் இல்லாமல், வெறும் ஸ்பேசரை அடுக்கி 4 அங்குலம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடவேண்டும்.

ஸ்பேசர் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்காருவதால் அதன் தலையில் 1 அங்குல வட்டு வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ 1.5 முதல் 2 அங்குலம் லிஃப்ட் வரும். வட்டின் தடிமனும் லிஃப்ட்டும் ஒன்று என்று நினைத்து 2 அங்குல வட்டு வாங்கினவர்களின் சி.வி. பூட் சீக்கிரமே கிழிந்துவிடும். சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) உள்ள வண்டியில் போல்ட்டை முறுக்கித் தூக்குவது இலவச லிஃப்ட்போலத் தோன்றும். ஏறின உயரம் எல்லாம் சக்கரம் கீழே தொங்கும் தூரத்திலிருந்து கடன் வாங்கியதுதான். ஒவ்வொரு குழியிலும் மேல் ஆர்ம் கீழ்எல்லை ரப்பரில் போய்த் தட்டும்.

முன்பக்கமும் ஒற்றை அச்சாக இருக்கும் வண்டிகளுக்குக் கதை வேறு. அங்கே சி.வி. கவலை இல்லை, அதற்குப் பதில் பான்ஹார்ட் ராட். ஒருமுனை சேசிஸிலும் மறுமுனை அச்சிலும் இருக்கும் இந்தக் கம்பி, லிஃப்ட் ஏறினால் அச்சைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். 800 மி.மீ. நீளக் கம்பியின் இரு முனைகளுக்கு நடுவே முன்பு 100 மி.மீ. உயர வித்தியாசம் இருந்து, இப்போது 150 ஆனால், அச்சு 8 மி.மீ. ஒரு பக்கம் நகரும். ஒரு பக்கம் உரசி மறுபக்கம் உரசாத வண்டிகளில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். நீளம் மாற்றக்கூடிய ராட் போட்டு நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டிராக் லிங்க்கும் பான்ஹார்ட் ராடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். ஒன்றை இறக்கிவிட்டு மற்றதை விட்டால், மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங் கையை விட்டு இழுத்துக்கொண்டு போகும்.

பின்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங் என்றால் வழிகள் நான்கு: அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் வைப்பது, ஒரு பட்டை கூட்டுவது, முழு செட்டையும் மாற்றுவது, நீளமான ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஊசல் தகடு) போடுவது. ஷாக்கிள் பாதிக் கணக்குதான்; 2 அங்குலம் நீட்டினால் 1 அங்குலம் உயரும். பிளாக் மலிவு, 1 முதல் 2 அங்குலம்வரை தொல்லை தராது. உயரம் கூடக்கூட ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது அச்சு பட்டையை முறுக்கும். பிளாக்கின் மேல் பிளாக் அடுக்கவே கூடாது, முன் அச்சுக்குப் பிளாக்கே கூடாது. யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதுதான் போடவேண்டும், ஏனென்றால் பழையது ஒருமுறை முறுக்கியபோதே நீண்டுபோயிருக்கும். நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக, டார்க் ரென்ச் வைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது இறுக்கவேண்டும். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500-இல் மறுபடி.

சுமை ஏற்றும் வண்டிக்காரர்கள் பின்பக்கத்தில் ஒரு விஷயத்தை மறக்கிறார்கள். பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி போய், பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வை அசைக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம், காலியாக உயர்ந்து நின்றால் குறைவு. பின்பக்கம் 2 அங்குலம் தூக்கியதும் வண்டி எப்போதும் காலி என்று வால்வு நினைத்துக்கொள்ளும், முழுச் சுமையோடு போகும்போதும். கம்பியின் பிடிமானத்தை லிஃப்ட் அளவுக்கு உயர்த்தும் ஒரு சிறு பிராக்கெட் போதும். கிட்டில் வரவில்லை என்றால் கேட்டு வாங்கவேண்டும். கூடவே பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது விறைக்காமல் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். இரண்டு துண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்டாக இருந்து, வண்டி கிளம்பும்போது தரை அதிர்ந்தால் நடு பேரிங்கைக் கொஞ்சம் இறக்கவேண்டும்.

முன்பக்கத்தை மட்டும் உயர்த்தி வண்டியை மட்டமாக்குகிறவர்கள் விளக்கைப் பற்றி யோசிப்பதே இல்லை. பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்பது சுமை ஏற்றினால் மட்டமாவதற்காக. இரு அச்சுகளுக்கு நடுவே 3.1 மீட்டர் உள்ள வண்டியில் முன்பக்கத்தை மட்டும் 50 மி.மீ. தூக்கினால் ஒளிக்கற்றை 1.6 சதவீதம் மேலே சாயும். டிம் விளக்கு பொதுவாக 1 முதல் 1.5 சதவீதம்தான் கீழ்நோக்கி இருக்கும். அதாவது, நீங்கள் டிம்மில் போனாலும் எதிரில் வருகிறவருக்கு அது ஹை பீம்தான். லிஃப்ட் போடுவதற்கு முன்னால் 10 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒளியின் விளிம்பைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். போட்ட பிறகு அந்தக் கோட்டுக்கு, விளக்கு உயர்ந்த அளவை மட்டும் கூட்டிக்கொண்டு திருகிக் கொண்டுவாருங்கள். முன் கேமராவும் ரேடாரும் உள்ள புது வண்டிகளுக்கு அவற்றின் அளவீட்டையும் திரும்பச் செய்யவேண்டும்.

கியர் கணக்கும் டயரோடு சேர்ந்ததே. மேலே சொன்ன 776-இலிருந்து 831-க்குப் போனால் 7 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-இல் போகும். 3.73 என்ற கிரவுன்-பினியன் விகிதம் 3.49 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும், எண்ணெய் சூடாகும். அதை 4.10 ஆக மாற்றினால் பழைய இழுவை திரும்பும். நான்கு சக்கர இயக்கம் என்றால் முன், பின் இரண்டு டிஃபிலும் ஒரே விகிதம் மாற்றவேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவாக இருந்தால்தான் நல்லது. பஞ்சரான நேரத்தில் பழைய சின்ன ஸ்டெப்னியை மாட்டி நான்கு சக்கர இயக்கத்தில் தார்ச்சாலையில் ஓட்டினால் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது. பெரிய டயர் பெட்டிக்கு அடியிலுள்ள பழைய இடத்தில் உட்காருமா என்று டயர் வாங்குவதற்கு முன்பே டேப் வைத்துப் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை.

கனமான எல்.டி. (லைட் டிரக்) வகை டயர்களுக்குக் காற்று எவ்வளவு என்பதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. சிலர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் பழைய அழுத்தத்தையே வைக்கிறார்கள். அதே எடையைச் சுமக்க எல்.டி. டயருக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். வேறு சிலர் டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவை நிரப்பிவிடுகிறார்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, பிரேக்கில் பிடிமானமும் குறையும். தயாரிப்பாளரின் சுமை-அழுத்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும்.

வண்டியின் பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் இந்த மாற்றம் செல்லுமா என்பதை, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அட்டவணையை மறுபடி அச்சிட நேர்ந்தால், லிஃப்ட் என்ற முதல் நெடுவரிசையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் நான்கு நெடுவரிசைகள் சேர்த்துவிடுங்கள்: டயரின் மில்லிமீட்டர் விட்டம், ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும், பம்ப் ரப்பருக்கு எவ்வளவு ஸ்பேசர், எதை வெட்டவேண்டும். ஒவ்வொரு வரியிலும் எந்த வண்டியில் அளந்தது என்ற மாடலும் வருடமும் இருக்கட்டும். நிரப்பத் தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டாலும் பரவாயில்லை. அதை நிரப்ப வாசகர்களே களிமண்ணோடு கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
சஸ்பென்ஷன் வேலையும் வீல் அலைன்மென்ட்டும் பார்க்கும் வாசகர்கள் இருவர்